கண்ணுக்கு ஊற்றிய பால்

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றதும் சீனுவாசன், "எங்க நிக்குது?" என்று கேட்டார். நாலாக மடித்த துண்டை வலது கண்ணின்மேல் அழுத்திப் பிடித்திருந்தார். இடது கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணுக்கு நாற்பத்தொரு வருஷமாக வெளிச்சம், இருட்டு என்ற இரண்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

"டோல்கேட்டு" என்றாள் கோவிந்தம்மாள்.

"கூட்டமா?"

"லாரியா நிக்குது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இந்த ரோட்டில் போகும்போதெல்லாம் அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வருவார். எந்தக் கொல்லையில் என்ன போட்டிருக்கிறான், எவன் தண்ணீர் கட்டாமல் காயவிட்டிருக்கிறான், எந்தப் பலகையில் எந்த ஊர் பெயர் எழுதியிருக்கிறது என்று. அவளுக்கு எழுத்து வராது. மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டே கிணறு வெட்டினார், கரும்பு போட்டார், மகன் ராஜ்குமாரைப் படிக்கவைத்துத் திண்டிவனத்தில் வேலைக்கு அனுப்பினார். கல்யாண வீடுகளில் பந்திக்கு இலை எண்ணுவதுகூட அவர்தான். அந்த மனிதர் இன்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் தேடித்தேடி ஏறினார். கண்டக்டர், "பாத்துப் பெரியவரே" என்றான். பார்ப்பதற்குத்தான் போகிறோம் என்று அவர் சொல்லியிருப்பார், வேறு நாளாக இருந்தால்.

அவள் மடியில் துணிப்பை இருந்தது. ஆதார் கார்டு, இரண்டு வேட்டி, ஒரு போர்வை, கைக்குட்டையில் சுற்றிய கண்மருந்து பாட்டில். பையின் துணி வழியாகவே அவள் கட்டைவிரல் அந்தப் பாட்டிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. விட்டெறிந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண் ஒருத்தி ஜன்னலுக்கு ஜன்னல் கூவிக்கொண்டு வந்தாள். அவள் தாண்டிப் போகட்டும் என்று கோவிந்தம்மாள் காத்திருந்தாள். அவள் தாண்டுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

ஆறு நாளைக்கு முன்னால் அவர் கரும்பில் சோகை உரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதில் எதற்கு இது, ஆள் விட்டுக்கொள்ளலாம் என்று மகன் சொன்னதைக் கேட்கவில்லை. காய்ந்த சோகை இலையைப் பிடித்து இழுத்தபோது பக்கத்துக் கரும்பின் பச்சைத் தாள் வளைந்து வந்து கண்ணில் அடித்தது. கரும்புத் தாளின் ஓரம் அரம் மாதிரி இருக்கும். அவர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கி எடுத்துவிட்டு, "தாள் பட்டுக்கிச்சி" என்றார். கூட்ரோட்டு மெடிக்கலில் ஒரு சொட்டுமருந்து வாங்கி வந்தார். வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில், சுண்டுவிரல் உயரம்.

கோவிந்தம்மாளுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கண்ணில் அடிபட்டால் பிள்ளை பெற்றவளிடம் பால் வாங்கி ஊற்றுவார்கள். அவள் பிறந்த ஊரிலும் அப்படித்தான், வாழ வந்த ஊரிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டு வெண்ணிலாவுக்கு நாற்பது நாள் குழந்தை இருந்தது.

"வெண்ணிலாகிட்ட ரெண்டு சொட்டு வாங்கியாரட்டா?"

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். அந்தப் பேச்சே எடுக்காத."

அவ்வளவு கடுமையாக அவர் பேசுகிறவர் இல்லை. அவள் விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தாள். "ஏன்யா, என் பாலுன்னா எங்கம்மா ஊட்டுக்கு, காணை வரைக்கும் சைக்கிள் மிதிச்சிக்கினு வந்து படுத்துக்குவ. அடுத்தவ பாலுன்னா கசக்குதா?"

இந்தக் கிண்டலுக்கு அவர் எப்போதும் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அந்தக் கிண்டலுக்குள் ஒரு மத்தியானம் இருந்தது. நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய தை மாதம். ராஜ்குமார் பிறந்து முப்பது நாள் ஆகியிருந்தது. அவள் காணையில் அம்மா வீட்டில் இருந்தாள். தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக மூன்றாம் மாதம்தான் வருவார்கள். அதற்கு முன்னால் மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றால் தெரு சிரிக்கும். அவர் வந்து நின்றார். களத்தில் கதிர்க்கட்டு அடிக்கும்போது ஒரு நெல் தெறித்து இடது கண்ணில் பட்டுவிட்டதாம். முகமெல்லாம் வைக்கோல் தூசி. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருக்க, மற்றக் கண் அவள் அம்மாவைத் தாண்டி வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தது.

"ஏன் மாப்ள, உங்க ஊர்ல புள்ள பெத்தவ ஒருத்திகூட இல்லியா? எட்டு மைலு வந்துதான் ஊத்திக்கணுமா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கைக் கழுவி கோவிந்தம்மாளிடம் கொடுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

கோவிந்தம்மாளுக்கு அப்போது இருபது வயது. மாமியார், கொழுந்தன், நாத்தனார் என்று எந்நேரமும் ஆள் நடமாடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் புருஷன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. அவர் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தார். முகவாய்க்கு அடியில் ஒரு பழைய வடு இருந்ததை அன்றைக்குத்தான் கண்டாள். இமையை விரலால் விலக்கிச் சங்கைச் சாய்த்தாள். பால் கண் குழியில் நிறைந்து, வழிந்து, காதுக்குள் இறங்கியது. அவருக்குக் கூசியது. சத்தம் வெளியே போகாமல் இருவரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு அடங்கி, பேசவும் ஒன்றும் இல்லாமல், அவர் தலையின் கனம் அவள் மடியில் அப்படியே கிடந்தது. மூன்று நாள் அவர் அங்கேயே தங்கினார். மூன்று வேளையும் கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. கண்ணில் அடிபட்டு வந்தவனைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

கண் தேறவில்லை. சிவந்து வீங்கி, கருவிழிமேல் வெள்ளை படர்ந்தது. அவர் தனியாகப் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் கட்டோடு வந்தார். "நெல்லு ஆழமாக் குத்திடிச்சாம். அன்னிக்கே பூடிச்சாம் கண்ணு" என்று சொன்னார். வரும்போது பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பையும் அவளுக்கு ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையலும் வாங்கி வந்திருந்தார். அவள் அழ அழ, அவரே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் யார் அந்த வெள்ளைக் கண்ணைப் பற்றிக் கேட்டாலும், "இது எங்க ஊட்டுக்காரி பால் ஊத்துன கண்ணு" என்று சொல்லிச் சிரிப்பார். கண் போன கதையை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனிதரை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவளுக்கும் அந்த மத்தியானத்தை நினைத்தால் கண் போனது ஞாபகத்துக்கு வராது.

அதனால் அவர் வேண்டாம் என்றதற்கு அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். வயதான காலத்தில் மருமகள் மாதிரி இருக்கிற பெண்ணிடம் பால் வாங்கிக்கொள்ளக் கூச்சப்படுகிறார், வேறொன்றுமில்லை. மறுநாள் கண் இன்னும் சிவந்திருந்தது. அவள் வெண்ணிலா வீட்டுக்குப் போனாள்.

"அத்த, கொழந்த கண்ணுலகூட ஊத்தக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிச்சி" என்றாள் வெண்ணிலா.

"அந்த நர்சம்மாவுக்குக் கல்யாணமே ஆவல. அதுக்கு இன்னா தெரியும்? ஜல்தியா குடுடி, மாமா தூங்கி எழுந்துக்கும்."

மெடிக்கல் மருந்தை முருங்கை மரத்தடியில் கொட்டினாள். வெந்நீரில் பாட்டிலை மூன்று முறை அலசினாள். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணைக் காட்டினார். "மருந்துதான? வேற ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

"மருந்துதான்யா. பேசாம படு."

மூன்று நாள். வேளாவேளைக்குப் புதிதாக வாங்கி நிரப்பினாள். "எரியுதா?" என்று அவள் கேட்க, "இல்ல, குளுகுளுன்னு கீது. நல்ல மருந்துதான்டி" என்று அவர் சொன்னார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேறின பிறகு ஒரு நாள் உண்மையைச் சொல்லி அவரைக் கேலி செய்யலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தாள். நாலாம் நாள் கண் ஒட்டிக்கொண்டது. ஈரத்துணியால் துடைத்துப் பிரித்தபோது கருவிழியின் நடுவில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளை இருந்தது. அவள் அந்த வெள்ளையை முன்பே பார்த்திருக்கிறாள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ராஜ்குமார் ஆட்டோவோடு காத்திருந்தான். கண் ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்த டாக்டர் ஆஷ்லின் முப்பது வயதுகூட இருக்காது என்று தோன்றும் பெண். மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை தொங்கியது. சீனுவாசனின் முகவாயை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது கண்ணையும் பார்த்தார்.

"இது எப்படிப் போச்சு பெரியவரே?"

"நெல்லு பட்டுச்சிங்க. நாப்பது வருசம் ஆவுது."

"அப்ப உங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு கண்ணுதான். இதுல புண்ணு நல்லா ஆழமா இருக்கு. அடிபட்டதுல இருந்து என்ன போட்டீங்க?"

"மெடிக்கல்ல குடுத்த மருந்துங்க. கையோட கொண்டாந்திருக்கோம். எடு கோயிந்தம்மா."

அவள் கைக்குட்டையைப் பிரித்துப் பாட்டிலைக் கொடுத்தாள். டாக்டர் லேபிளைப் படித்தார். "பரவாயில்ல, சரியான மருந்துதான். நாங்க குடுக்கிறதோட இதையும் சேத்துப் போடலாம்" என்று நர்சிடம் நீட்டினார். பிறகு எல்லோரிடமும் கேட்கிற தோரணையில், "வேற ஏதாவது? விளக்கெண்ணெய், இலைச்சாறு, தாய்ப்பால்?" என்றார்.

"இல்லீங்க டாக்டரம்மா" என்றார் சீனுவாசன். "இந்தக் கண்ணுக்கு அதெல்லாம் ஒரு சொட்டு ஊத்த உடலீங்க."

கோவிந்தம்மாள் காலியான கைக்குட்டையை மடித்தாள். நர்ஸ் பாட்டிலை டிரேயில் வைத்தாள். பேசாமல் இருந்துவிடலாம். வார்டில் யாரும் பார்க்காதபோது அதை எடுத்துக் கக்கூஸில் கொட்டிவிடலாம். அவருக்கு ஒருபோதும் தெரியவேண்டாம். மகனுக்கும் தெரியவேண்டாம். ஆனால் தான் எடுப்பதற்குள் நர்ஸ் ஒரு சொட்டு விட்டுவிட்டால்? டாக்டர் அதற்குள் ஏதோ எழுத ஆரம்பித்திருந்தார். எழுதுவது தப்பாக எழுதப்படுகிறது என்பது மட்டும் எழுத்து தெரியாத அவளுக்குத் தெரிந்தது.

"அதுல கீறது மருந்து இல்லம்மா" என்றாள். "பாலு. பக்கத்து ஊட்டுப் பொண்ணு பாலு. மருந்தக் கொட்டிட்டு நான்தான் ஊத்தினேன். அவருக்குத் தெரியாது."

"யம்மா..." என்றான் ராஜ்குமார்.

டாக்டர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். சீனுவாசன் முகத்தை அவள் குரல் வந்த திக்கில் திருப்பினார். கொஞ்சம் தள்ளித் திருப்பிவிட்டார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி இருந்தது அந்த முகம். திட்டுவார் என்று அவள் நின்றாள்.

"எத்தன நாளா?" என்று கேட்டது டாக்டர்தான்.

"மூணு நாளும்மா."

"இப்பவாவது சொன்னீங்களே" என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "கரும்புத் தாள்லயே காளான் இருக்கும். பால்னாலதான் இப்படி ஆச்சுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா புண்ணுல பால் பட்டா கிருமிக்குச் சோறு போட்ட மாதிரி. சுரண்டி எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம். அஞ்சு நாள் மணிக்கு ஒரு தடவ மருந்து விடணும். அதுக்கப்புறம்தான் பார்வை பத்திப் பேச முடியும்."

வார்டில் சாயந்திரம் ராஜ்குமார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். அவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். அவள் கீழே போர்வையை விரித்து, கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசனை வந்து, போயும்விட்டது.

"அதான் குளுகுளுன்னு இருந்திச்சா" என்றார் அவர்.

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு காலையிலிருந்து உள்ளே உருண்டுகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"அப்ப அந்தக் கண்ணு?"

அவர் கையால் தலையணையைத் தேடிச் சரிசெய்தார்.

"பாண்டிச்சேரில அந்த டாக்டரு உன்னக் கேட்டாரா? இன்னா ஊத்துனன்னு?"

"கேட்டாரு."

"சொன்னியா?"

"சொன்னேன். வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துனாரு. நெல்லு பட்டது சின்னக் கீறலாம். தானா ஆறியிருக்குமாம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கட்டில் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"புள்ளைக்குப் பால் குடுத்துக்கினு இருந்த. சொல்லியிருந்தா அன்னியோட நிறுத்தியிருப்ப. இல்ல, குடுக்கற ஒவ்வொரு வாட்டியும் அழுதுக்கினே குடுத்திருப்ப. கண்ணுதான் பூடிச்சி, அதையும் எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டேன்."

"அவன் பால் மறந்து நாப்பது வருசம் ஆச்சே. அதுக்கப்புறமாச்சும் சொல்லக் கூடாதா?"

"அதுக்குள்ள நான் அத ஒரு சிரிப்பா ஆக்கிப்புட்டேன்ல" என்றார். "நீயும் சிரிப்ப. அதப் போயி எப்ப நிறுத்தறது, எப்பிடிச் சொல்றதுன்னு தெரில. நாளைக்கி, நாளைக்கின்னு பூடிச்சி."

"வேணாம்னு சொன்னியே, அன்னிக்கி ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தா? நான் ஊத்தியிருப்பனா? இருக்கிற ஒரு கண்ணுல நானே கொண்டாந்து ஊத்தியிருப்பனா? பாவி மனுஷா!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள்.

"தப்புதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "நீயும் மருந்துன்னுதான சொன்ன" என்றார். அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது போல் இருந்தது.

அவள் அந்த மத்தியானத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். அது இருக்குமா, கரைந்துபோயிருக்குமா என்று பயந்துகொண்டே போனாள். ஒருக்களித்த கதவு இருந்தது. மடியில் தலையின் கனம் இருந்தது. காதுக்குள் வழிந்த பாலும் அடக்கிய சிரிப்பும் அப்படியே இருந்தன. அதற்குப் பக்கத்தில் இப்போது இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வருகிற பஸ்ஸில், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, மடியில் கிலுகிலுப்பையையும் வளையலையும் வைத்துக்கொண்டு, வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தபடி வருகிற இருபத்தொன்பது வயது மனிதன். எல்லாம் தெரிந்துதான் அவன் அவள் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, ஒவ்வொரு வளையலாக ஏற்றினான். ஒன்றும் உடையவில்லை. அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதில் நரம்பு தெரிந்தது, தோல் சுருங்கியிருந்தது.

ராஜ்குமார் மருந்தோடு வந்தான். நர்ஸ் எப்படி விடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். சோப்பு போட்டுக் கை கழுவணும், கீழ் இமையை இழுத்துப் பிடிக்கணும், பாட்டில் கண்ணில் படக்கூடாது. "நீ விடுப்பா" என்று கோவிந்தம்மாள் மகனிடம் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். அவன் குனிந்தான். முதல் சொட்டு மூக்கின்மேல் விழுந்தது.

"டேய், தள்ளு" என்றார் சீனுவாசன். "உங்கம்மாவ வரச் சொல்லு."

"நான் மாட்டேன்யா."

"நீயே விடு. எனக்கு உன் கைதான் பழக்கம்."

அவள் போய் இரண்டு முறை சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி மகனிடம் காட்டி, "இன்னா எழுதியிருக்குதுன்னு படி" என்றாள். அவன் படித்தான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகுதான் குனிந்தாள். அன்றிலிருந்து கடிகாரத்தின் பெரிய முள் உச்சிக்கு வரும்போதெல்லாம் இதேதான். ஒவ்வொரு முறையும் அவள் யாரையாவது கூப்பிட்டு, நர்சோ, பக்கத்துக் கட்டில்காரரோ, பாட்டிலைப் படித்துக் காட்டச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர், மருந்துதானா என்று கேட்காமல், கண்ணைக் காட்டினார். காளான் என்று இரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. மூன்றாம் நாள் வலி குறைந்தது. வெள்ளை குறைந்ததா என்று கேட்டால் நர்ஸ், "டாக்டர்கிட்ட கேளுங்க பாட்டி" என்றாள்.

ஐந்தாம் நாள் காலையில் டாக்டர் ஆஷ்லின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கண்ணின் மூடியை எடுத்தார். இடது கண்ணை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொள்ளச் சொன்னார். "நேரா பாருங்க பெரியவரே. ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பழைய தாளைத் தேடி பைலைப் புரட்டினார். அவசரம் இல்லாமல் புரட்டினார். ராஜ்குமார் வாசலிலேயே நின்றுவிட்டான். கோவிந்தம்மாள் கட்டிலின் கால்மாட்டில், ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். காலை வெயில் அவள் முதுகில் அடித்தது. அந்தக் கண்ணில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தபடியே, தோளிலிருந்து நழுவிய முந்தானையை எடுத்துப் போடக் கையைத் தூக்கினாள்.

"கை ஆடுது" என்றார் சீனுவாசன்.

டாக்டர் நிமிர்ந்தார். அவருடைய இரண்டு கைகளும் பைலின்மேல்தான் இருந்தன. மெதுவாகத் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

கோவிந்தம்மாள் தூக்கிய கையை இறக்கவில்லை. முந்தானை நழுவிக் கீழே விழுந்தது. வெயிலுக்கு எதிரில் ஐந்து விரலையும் விரித்து, மெல்ல, இன்னொரு முறை அசைத்தாள்.